தரை வாட்டம்

குடிநீர் அலுவலகத்தில் அவளை எல்லோரும் புகார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருடமாக ஒரே நாற்காலி, ஒரே தொலைபேசி. குழாய் உடைந்தது, சாக்கடை அடைத்தது, மூன்று நாளாகத் தண்ணீரே வரவில்லை, வந்த தண்ணீரில் புழு நெளிகிறது என்று ஊரில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் வாங்கிக் கட்டிக்கொள்வது அக்காதான். அவர்கள் திட்டி முடிக்கும்வரை காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். பிறகு விலாசத்தைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதி, ஒரு எண்ணைச் சொல்லி, "ஆள் வருவாங்க" என்பாள். ஆள் வருவதும் வராததும் அவள் கையில் இல்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்லும் விதத்தில் எதிராளி கொஞ்சம் ஆறிப்போவார்.

அவள் குடியிருந்தது பாதி வீட்டில். மாமனார் கட்டிய வீடு அது. அவர் போன பிறகு இரண்டு மகன்களும் கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். மாடிப்படி மூத்தவர் பக்கம் போய்விட்டது. அந்தப் படியைப் பற்றித் தொடங்கிய பேச்சு முற்றி, கடைசியில் பேச்சே நின்றுபோனது. ஆயிற்று, ஒன்பது வருடம். ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். தெருவில் எதிரெதிரே வந்தால் மட்டும் இரண்டு குடும்பமும் செருப்பைப் பார்த்துக்கொண்டு போகும்.

அக்காவின் கணவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் அவரை இன்னமும் டிரைவர் என்பார்கள். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிய மனிதர், வீட்டுக் குளியலறையில் விழுந்தார்.

விழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நாலடிக்கு ஆறடி அறை அது. வாசலில் முக்கால் அடி உயரத்துக்குப் படி. உள்ளே பாதி இடத்தைக் கக்கூஸ் மேடை எடுத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் வாளியை வைத்துக் குளிக்க வேண்டும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே போகிறவர் ஒரு காலை மேடைமேல் தூக்கி வைத்தால்தான் கதவைச் சாத்த முடியும். நாற்பது வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் காலைத் தூக்கிக் கதவைச் சாத்தினார்கள். ஒருநாள் காலை டிரைவருக்கு அந்தக் கால் வழுக்கியது.

அக்கா அப்போது அலுவலகத்துக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ மூட்டை விழுந்ததுபோலச் சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினால் நாலு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. அவர் கதவுக்குக் குறுக்கே கிடந்தார். இடைவெளியில் அவருடைய கை தெரிந்தது. குழாய் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"மாமா! இவர் விழுந்துட்டார் மாமா!"

ஒன்பது வருடத்தில் அந்தச் சுவருக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை. அவள் மூச்சு வாங்குவதற்குள் மூத்தவர் கடப்பாரையோடு வாசலில் நின்றார். லேத் பட்டறையில் காலம் முழுவதும் வேலை பார்த்த கை. கீலை நெம்பிக் கதவைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார். தம்பியின் அக்குளில் கையைக் கொடுத்து வெளியே இழுத்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் ஏற்றிவிட்டார். எந்த ஆஸ்பத்திரி என்றுகூடக் கேட்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை கடப்பாரையைப் பிடித்தபடி நின்றிருந்ததை அக்கா கண்ணாடி வழியே பார்த்தாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பத்தாம் நாள், டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு குளியலறையை வரைந்து காட்டினார்.

"படியே இருக்கக்கூடாது. வாக்கரோட நுழையற மாதிரி அகலமான வாசல் வேணும். உட்கார்ற டாய்லெட், ரெண்டு பக்கமும் கைப்பிடி. கதவு வெளிப்பக்கம் திறக்கணும். இதெல்லாம் இல்லாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா மறுபடி என்கிட்டதான் வந்து நிப்பீங்க."

டிரைவரை ஊரின் மறுகோடியில் இருந்த நாத்தனார் வீட்டில் விட்டார்கள். அங்கே எல்லாம் தரைமட்டத்தில் இருந்தது. "ரெண்டே வாரம்" என்று அக்கா அவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்த இரண்டு வாரத்தை அவளுக்குச் சொன்னவர் மேஸ்திரி. அலுவலகத்தில் ஒருவர் அனுப்பிவைத்த ஆள். நல்ல உயரம், நல்ல தொந்தி, காதில் பென்சில். உள்ளே எட்டிப் பார்த்தார், காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார், "பதினஞ்சு நாள்" என்றார்.

"இந்தப் படியை எடுத்துட்டா உள்ள ஊத்தற தண்ணி வெளியில வராதா?"

"பார்த்துக்கலாம்."

"இது பழைய சுவர். வாசலை அகலப்படுத்தினா தாங்குமா?"

"பார்த்துக்கலாம் அக்கா. நீங்க ஏன் கவலைப்படறீங்க?"

முதல் நாள் வேலை பறந்தது. இரண்டு ஆட்கள் வந்து மேடையை உடைத்தார்கள், படியைப் பெயர்த்தார்கள், வாசலை ஒன்றரை மடங்கு அகலமாக்கினார்கள். சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து பார்த்தபோது, பின்பக்கத்து வெளிச்சம் சமையலறைவரை வந்திருந்தது. இத்தனை வருடம் அங்கே அவள் விளக்குப் போட்டுத்தான் சமைத்திருக்கிறாள். இதை எப்போதோ செய்திருக்கலாம் என்று நினைத்தபடி புழுதியைக் கூட்டினாள். உடம்பெல்லாம் சுண்ணாம்பு வாடை. குளிக்கத்தான் இடமில்லை.

அடுத்த நான்கு நாள் ஒருவரும் வரவில்லை. ஐந்தாம் நாள் மேஸ்திரி போனை எடுத்தார்.

"நாளைக்குக் கண்டிப்பா ஆள் வருவாங்க அக்கா."

அந்த ராகம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே தினமும் பாடுவதுதான். போனை வைத்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று அலுவலகத்தில் ஒரு பெண், பத்து நாளாகச் சாக்கடை வாசலில் நிற்கிறது என்று கத்தியபோது, "ஆள் வருவாங்க" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். அந்தப் பெண் அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

குளிப்பதற்கு அலுவலகமே கதி. பின்கட்டில் பெண் ஊழியர்களுக்கு ஒரு குளியலறை உண்டு. காலை ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போனால் வாட்ச்மேன் திறந்துவிடுவார். மற்ற அவசரங்களுக்கு எதிர்வீட்டு டீச்சரின் தயவு. அடிக்கடி போய்க் கதவைத் தட்டக் கூசியதால் அக்கா தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். முகம் வற்றிப்போயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் இரண்டு பஸ் மாறி நாத்தனார் வீட்டுக்குப் போய்க் கணவரைப் பார்த்துவிட்டு வருவாள்.

"பாலம் கட்டறியா, பாத்ரூம் கட்டறியா?" என்பார் டிரைவர். "எத்தனை நாள் தங்கச்சி வீட்டுல சோத்துக்குக் காத்துக் கிடக்கறது?"

"முடிஞ்சிடும்" என்பாள்.

மூன்றாவது வாரம் பிளம்பர் வந்து மண்ணைத் தோண்டினார். இரண்டடி ஆழத்தில் பழைய மண்குழாய் ஒன்று நாலைந்து இடத்தில் வெடித்துக் கிடந்தது. சுற்றிலும் மண் கறுத்து ஊறியிருந்தது. மேஸ்திரி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"அக்கா, இது உங்க குழாய் இல்லை."

"என் வீட்டுக்கு அடியில இருக்கு, எப்படி என்னுது இல்லாம போகும்?"

"பக்கத்து வீட்டுலேர்ந்து வருது. உங்களுது நடுவுல வந்து சேருது. வீட்டைப் பிரிச்சவங்க சாக்கடையைப் பிரிக்க மறந்துட்டாங்க."

குழாயை மாற்றுவதென்றால் அந்தப் பக்கமும் தரையைத் தோண்ட வேண்டும். வேலை முடியும்வரை இரண்டு வீட்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது. குறைந்தது ஐந்து நாள். மாற்றாமல் மேலே தரை போட்டால் ஆறே மாதத்தில் எல்லாம் உள்ளே இறங்கிவிடும் என்றார் பிளம்பர்.

அன்று சாயங்காலம் அக்கா மூத்தவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். அழைப்பு மணியில் கையை வைத்து இரண்டு தடவை எடுத்துவிட்டாள். மூன்றாவது தடவை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. ஓரகத்தி நின்றிருந்தாள். தலை அநேகமாக நரைத்துவிட்டது.

"நீ வந்து நிக்கறது ஜன்னல்ல தெரிஞ்சுது" என்றாள். "எப்படி இருக்கார்?"

"இருக்கார்க்கா. நடக்க ஆரம்பிச்சிருக்கார்."

அக்கா குழாய் விஷயத்தைச் சொன்னாள். உள்ளே மூத்தவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். முகம் தெரியவில்லை. அவள் சொல்லி முடித்ததும் தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எப்பலேர்ந்து தோண்டப் போறாங்கன்னு கேளு."

"எப்பலேர்ந்துன்னு கேக்கறார்" என்றாள் ஓரகத்தி, மூன்றடி தூரத்தில் நின்றவளிடம்.

"திங்கக்கிழமைக்கா."

"திங்கக்கிழமையாம்."

"சரின்னு சொல்லு."

"சரியாம்" என்று சொன்ன ஓரகத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். செய்தித்தாள் அசையவில்லை.

திங்கட்கிழமை தோண்டத் தொடங்கினார்கள். மூத்தவர் பழைய பட்டறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். ஓரகத்திக்கு அந்த வசதி இல்லை. செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்தரை மணி பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். ஆளுக்கொரு பை, பையில் துண்டு, சோப்பு டப்பா, மாற்றுத் துணி. கண்டக்டர் இவர்கள் எந்த ஊருக்குப் பயணம் போகிறார்கள் என்று கேட்டார். "குளிக்கப் போறோம்ப்பா" என்றாள் ஓரகத்தி. அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் நகர்ந்தார்.

முதல் நாள் இரண்டு பேரும் அவ்வளவாகப் பேசவில்லை. இரண்டாம் நாள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கு அதிகம் என்பதில் சின்னப் போட்டி. மூன்றாம் நாள் ஓரகத்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் நீ ரொம்ப நேரம் அழுதே. கேட்டுட்டுதான் இருந்தேன்."

அக்கா யோசித்துப் பார்த்தாள். "எதுக்கு அழுதேன்னு எனக்கே ஞாபகம் இல்லைக்கா. கேட்டுச்சுன்னா வந்திருக்கலாமே."

"வரலாம்னு செருப்பை மாட்டினேன். வாசல் வரைக்கும் வந்தேன்." ஓரகத்தி பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அப்புறம் உங்க வீட்டுல மிக்சி ஓடற சத்தம் கேட்டுது. சரி, சரியாயிட்டா போலன்னு செருப்பைக் கழட்டிட்டேன்."

அலுவலகத்தில் அன்று பார்த்து மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடும் அலுவலகத்தில் இரண்டு பெண்கள் சோப்பு டப்பாவோடு காத்து நின்றார்கள். வாட்ச்மேன் பரிதாபப்பட்டு மோட்டார் போட ஓடினார்.

ஐந்து நாள் எட்டு நாளாயிற்று. குழாய் வேலை ஒருவழியாக முடிந்து டைல்ஸ் வந்தது. வெளிர்பச்சை என்று அக்கா தேர்ந்தெடுத்திருந்தாள். கடையிலிருந்து வந்ததில் ஒரு பெட்டி மட்டும் வேறு பச்சை. திருப்பிக் கொடுத்து மாற்ற இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். "கதவுக்குப் பின்னாடி ஒட்டிடுங்க, யார் பார்க்கப்போறா" என்று அவளே சொன்னாள். அதற்குமேல் அலைய அவளிடம் தெம்பு இல்லை. அலுவலகத்தில் நாலு மணிக்குத் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இரண்டு முறை கண்ணயர்ந்திருந்தாள்.

தரை போட்டு முடித்த அன்று மூத்தவர் வந்தார். குழாய் இணைப்புக்கு மூடி சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக வந்தவர், உள்ளே போய்க் குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு மக்கு தண்ணீர் எடுத்து நடுவில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு வடிகால் இருந்த மூலைக்குப் போகாமல் நிதானமாக வாசலை நோக்கி வந்து, கதவடியில் குளமாக நின்றது.

"தண்ணி ஓடற வாட்டம் எங்கேய்யா?" என்றார் மேஸ்திரியிடம்.

"போகப் போகச் சரியாயிடும் பெரியவரே."

"தண்ணிக்கு வயசானா புத்தி வருமாய்யா?"

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். தரையை முழுவதும் பெயர்த்து மறுபடி போட வேண்டும். புது டைல்ஸ் வேண்டும். இன்னும் பத்து நாள்.

அக்கா சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"பாருங்க, தரையில இருக்க வேண்டிய வாட்டமெல்லாம் இவ முகத்துல இருக்கு" என்றாள் கூட வந்த ஓரகத்தி.

"இருக்கட்டும் மாமா" என்றாள் அக்கா. "தண்ணி நின்னா நின்னுட்டுப் போகட்டும். நான் துடைச்சுக்கறேன். இதோட முடிச்சிடலாம். என்னால முடியலை."

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார். நடுவில் ஆள் வைக்காமல் அவளிடமே பேசினார்.

"நீ ஆபீஸ் போயிருக்கறப்ப அவன் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வருவான். ஈரத்துல காலை வைப்பான். மறுபடி கதவைக் கழட்ட எனக்குத் தெம்பு இல்லைம்மா."

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை ஒரு நாற்காலியையும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். குளியலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தரையைப் பெயர்த்து, கலவை போட்டு, ஒவ்வொரு டைலாகப் பதிக்கும்வரை அவர் நகரவில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். உள்ளே குமிழி சரியான இடத்தில் நின்றால் தலையசைப்பார், இல்லாவிட்டால் "எடு" என்பார். மேஸ்திரிக்குப் "பார்த்துக்கலாம்" மறந்தே போயிற்று. சொன்ன பத்து நாள் வேலை ஆறு நாளில் முடிந்தது. கடைசியில் மூத்தவர் மறுபடி ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினார். அது நேரே மூலைக்குப் போய் இறங்கியது. நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தபோது அங்கே ஆள் இல்லை.

இதில் எதையும் அவள் கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பாரோ என்ற பயம். இன்னொரு சண்டையை ஏற்கும் நிலையில் அவள் இல்லை.

வேலை தொடங்கி எழுபத்துமூன்றாம் நாள் டிரைவர் வீடு திரும்பினார். வாக்கரை ஊன்றி நேரே பின்பக்கம் போய் வாசலில் நின்று பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார்.

பிறகு கைப்பிடிகளை ஆட்டிப் பார்த்தார். படி இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார். உள்ளே போய்க் குளித்தார். தாழ் போடக்கூடாது என்ற ஒரு நிபந்தனையோடு அக்கா வெளியே நின்றாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் முகம் தெளிந்திருந்தது.

"தரை நல்லா போட்டிருக்கான். ஒரு பொட்டுத் தண்ணி நிக்கலை. யார் அந்தக் கொத்தனார்?"

அவளுக்குப் பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. "உங்க அண்ணன்தான் உட்கார்ந்து போட வெச்சார். ஆறு நாள்."

டிரைவர் துண்டால் தலையைத் துவட்டினார். காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அவர் எதுக்கு வந்தாரு?"

"நீங்க விழக்கூடாதுன்னு வந்தார்."

அதன்பிறகு அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனிடம் போய் ஒரு நன்றி சொல்லிவிட்டு வரவும் இல்லை. மூத்தவரும் வந்து பார்க்கவில்லை. சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு பேரும் இருமிக்கொண்டு இருந்தார்கள். ஓரகத்தி மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வந்து சமையலறையில் உட்கார்ந்துவிட்டுப் போவாள்.

மூன்று மாதம் கழித்து வெளியே இருந்த பொதுச் சாக்கடை மூடியில் அடைப்பு. இரண்டு வீட்டுத் தண்ணீரும் எதிர்த்து வந்தது. டிரைவர் கைத்தடியோடு வெளியே போனபோது மூத்தவர் ஏற்கெனவே மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உன்கிட்ட நீளக் கம்பி இருக்கா?" என்றார் மூத்தவர்.

"இருக்கு. நீங்க குனியாதீங்க, உங்களுக்கு ரத்த அழுத்தம். ஆளைக் கூப்பிடுங்க."

"ஆள் எங்க வரப்போறான்? உன் பெண்டாட்டி ஆபீஸ்லதானே புகார் குடுக்கணும்."

அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் பேச்சு. வருடத்தில் இரண்டு மூன்று தடவை அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் அண்ணனும் தம்பியும் மூடியருகே நின்று பத்து நிமிடம் பேசுவார்கள். மற்ற நாளில் தலையசைப்போடு சரி. மாடிப்படியைப் பற்றி இருவரும் மூச்சு விடுவதில்லை.

அந்த வருடக் கடைசியில் அக்கா ஓய்வு பெற்றாள். மறுநாள் காலை வெயில் ஏறும்வரை தூங்கினாள். டிரைவர் தானே எழுந்து, தானே குளித்துவிட்டு, சமையலறையில் ஏதோ தேடிப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார். சத்தம் அவள் காதில் விழுந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.